பழைய மெட்ராஸ் வழக்கா? முதலில் எந்தக் கோர்ட் என்று பாருங்கள்

ஊர் வரலாறு, குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் நீதிமன்றத்தின் பெயர். 1820களின் தாளில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்று பார்த்ததும், நாட்டின் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். டெல்லி உச்ச நீதிமன்றம் வந்ததே 1950இல்தான். அந்தத் தாளில் இருப்பது 1801இல் திறந்த மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட். முதல் தலைமை நீதிபதி தாமஸ் ஸ்ட்ரேஞ்ச். இந்தியர்களைப் பொறுத்தவரை அதன் அதிகாரம் ஏறக்குறைய நகர எல்லையோடு சரி.

அப்போது தஞ்சாவூரில் பங்காளிகள் நிலத்துக்கு அடித்துக்கொண்டால்? கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜில்லா கோர்ட்டுக்குப் போனார்கள். மாகாணத்துக்குள் மேல்முறையீடு கடைசியில் வந்து சேர்ந்த இடம் சதர் அதாலத் என்ற கம்பெனியின் தலைமை நீதிமன்றம். குழப்பமே இங்கேதான். சதர் அதாலத்தும் மெட்ராஸில்தான் இருந்தது. சுப்ரீம் கோர்ட் இங்கிலாந்து அரசரின் கோர்ட், சதர் அதாலத் கம்பெனியின் கோர்ட். இரண்டும் சுமார் 60 ஆண்டுகள் ஒரே ஊரில் தனித்தனியாக நடந்து, 1862இல் உயர் நீதிமன்றத்தில் ஒன்றாயின. ஆகவே அதற்கு முந்தைய வழக்கு என்றால் தகராறு நகரத்திலா, வெளியூரிலா என்று பார்த்துவிட்டுத் தேடுங்கள். மாற்றித் தேடிவிட்டு ‘ஆவணமே இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

வெள்ளைக்காரர் கோர்ட் என்றாலே எல்லாருக்கும் ஆங்கிலச் சட்டம் என்று நினைப்பதும் தவறு. சொத்துரிமை, வாரிசு, ஒப்பந்தம் போன்றவற்றில் இந்துக்களுக்கு இந்து சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்கள் சட்டம். ஸ்ட்ரேஞ்சே இந்து சட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்.

இன்னும் பழைய மேயர் கோர்ட்டில் வேறு சிக்கல். 1753 சாசனத்துக்குப் பிறகு, இந்தியர்கள் இருவருக்குள் வழக்கு என்றால் இரு தரப்பும் சம்மதித்தால்தான் அங்கே விசாரிக்க முடியும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம்: 1870களின் வழக்குக்கு உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடப் படத்தைப் போடாதீர்கள். அது 1892இல் திறந்தது.

1862க்குப் பிறகும் இன்றைய தமிழ்நாடு முழுவதும் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் கீழ் வந்துவிடவில்லை. புதுக்கோட்டை 1948 மார்ச் வரை சொந்த நீதிமன்றங்கள் உள்ள சமஸ்தானம். நாகர்கோவில், தக்கலைப் பக்கம் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அந்தக் கால மேல்முறையீடுகளுக்குத் திருவனந்தபுரத்தையும் எர்ணாகுளத்தையும்தான் பார்க்க வேண்டும்.