நடுப்பக்கம் இருக்கா? பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் சேகரிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடை. தராசுக்குப் பக்கத்தில் கிடந்த நாளிதழ்க் கட்டுக்குள்ளிருந்து ஓர் இரும்புக்கை எட்டிப் பார்த்தது. இழுத்தால் முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி' என்ற நாயகரின் கதை. கடைக்காரர் 200 ரூபாய் என்றார். பேரம் பேசினால் எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். ராத்திரி படிக்க உட்கார்ந்தால், மாயாவி மின்சாரப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டுகிறார், 30-ஆம் பக்கம் முடிகிறது. அடுத்த பக்கம் 35. அங்கே மாயாவி படகில் போய்க்கொண்டிருக்கிறார். எப்படிப் படகுக்கு வந்தார் என்பது ரொம்ப வருஷம் எனக்குத் தெரியாமலே இருந்தது.

அதற்கப்புறம் யார் என்ன காமிக்ஸ் காட்டினாலும் என் வாயில் வரும் முதல் கேள்வி, "நடுப்பக்கம் இருக்கா?" என்பதுதான். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

1. யாரைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

'பழைய காமிக்ஸ் எல்லாம் வேண்டும்' என்று கிளம்பினால் மூன்று மாதத்தில் கட்டிலுக்கு அடியில் குப்பைதான் சேரும். ஒரு நாயகரையோ ஒரு வெளியீட்டையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. அதன் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. இந்த மாயாவி பிறந்தது இங்கிலாந்தில், 1962-இல், 'வேலியன்ட்' என்ற வார இதழில். பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதில்தான் ஸ்பைடர். பெயரைக் கேட்டு அமெரிக்க ஸ்பைடர்மேன் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் பிரிட்டிஷ் ஆள், கூர்மையான காது, வலை வீசும் துப்பாக்கி, குற்றவாளிகளுக்கெல்லாம் தலைவனாகும் ஆசை. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பிற்பாடு ஸ்பைடர் கதைகளையும் எழுதினார். இதைச் சொன்னால் ஆங்கில காமிக்ஸ் மட்டும் சேர்க்கும் நண்பர்கள்கூட ஸ்பைடரைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறார்கள். இரும்பு மனிதன் ஆர்ச்சி என்ற ரோபோவும் லயன் வழியாகத்தான் நம் வீடுகளுக்குள் வந்தான். எங்கள் தெருவில் 'சட்டித்தலையன்' என்றால்தான் தெரியும்.

அதே 1984-இல் ராணி காமிக்ஸும் தொடங்கியது. புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்றால் முகமூடி போட்ட காட்டு வீரர், அதாவது லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய பேன்டம். அதே பேன்டம் முத்துவில் 'வேதாளர்'. ஆக, ஒருவர் போனில் "என்கிட்ட பத்து மாயாவி இருக்கு" என்றால் உடனே பஸ் ஏறாதீர்கள். "இரும்புக்கையா, முகமூடியா?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் எண்ணூர் வரை போய் வந்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் சேர்ப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: அட்டையில் உள்ள விலையைப் பாருங்கள். 12 சென்ட் என்று இருந்தால் அது பெரும்பாலும் 1960-களின் அமெரிக்க இதழ். ரூபாயில் இருந்தால் இந்தியப் பதிப்பு. 1964 முதல் 1990 வரை வந்த இந்திரஜால் காமிக்ஸ் பேன்டம், மந்திரவாதி மாண்ட்ரேக் ரசிகர்களுக்கு நல்ல தொடக்கம்.

2. ஒரு நோட்டு போடுங்கள்

40 பக்க நோட்டு போதும். இதழின் பெயர், எண், மாதம், எங்கே வாங்கியது, என்ன விலை, என்ன குறை. கைப்பேசியிலும் எழுதலாம்தான். ஆனால் இருட்டான கடையில், தூசிக் கையோடு, ஒரே இதழை மூன்றாவது முறை வாங்காமல் என்னைக் காப்பாற்றியது சட்டைப் பையில் இருந்த அந்த நோட்டுதான்.

3. எங்கே தேடுவது, எப்போது தேடுவது

பழைய புத்தகம் என்றாலே சென்னையில் எல்லோரும் முதலில் மூர் மார்க்கெட் என்பார்கள். பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. கடைகள் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. பெயர் மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு போனது. கிளம்பும் முன் கடை இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்கள் விவரம் தெரிந்த வியாபாரிகள், காமிக்ஸ் என்றால் விலை தெரிந்துதான் சொல்வார்கள். அதனால் அங்கே பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். வாங்குவது அப்புறம்.

எனக்கு அதிகம் கிடைத்தது பழைய பேப்பர் கடைகளில்தான். ராயபுரம் கல்மண்டபம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று எங்கள் பக்கம் தெருவுக்கு ஒன்று உண்டு. இங்கே இடத்தைவிட நேரம்தான் முக்கியம். போகிக்கு முந்தின இரண்டு வாரம் வடசென்னை முழுக்க வெள்ளையடிப்பார்கள், பரணைக் காலி செய்வார்கள். போகியன்று காலையில் தெருமுனையில் எரிந்துபோகும் முன் அந்தக் கட்டுகள் எடைக்கு வந்து சேரும். மே மாதமும் நல்ல மாதம். பள்ளி முடிந்து பாடப்புத்தகத்தோடு எல்லாம் சேர்த்துப் போடுவார்கள். பெரம்பூர், அயனாவரம் ரயில்வே குடியிருப்புகளில் ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்கிற குடும்பங்களைக் கவனியுங்கள். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் எதையும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள்.

பேப்பர் கடையில் எடுத்தவுடன் காமிக்ஸ் என்று கேட்கக் கூடாது. என் அனுபவத்தில் இப்படித்தான் போகும்:

"அண்ணே, பழைய பொஸ்தகம் எதுனா இருக்கா?"

"இன்னா பொஸ்தகம்பா? பரிச்ச கைடா?"

"கதை பொஸ்தகம்ணே. படம் போட்டது."

"அந்த மூலைல குந்திப் பாரு. கலைச்சிட்டு அப்படியே போட்டுட்டுப் போகாத."

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். பார்த்த கட்டை முன்பு இருந்ததைவிட நேர்த்தியாகக் கட்டி வைத்துவிட்டு வாருங்கள். வெறுங்கையோடு திரும்பினாலும் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். நான்காவது முறை போகும்போது அவரே தனியாக எடுத்து வைத்திருப்பார். "தம்பி, உன் பொம்ம பொஸ்தகம் வந்துகீது" என்று ஒருவர் எனக்குப் போன் செய்த நாளை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூடிய வாடகை நூலகங்கள் இன்னொரு சுரங்கம். ஆனால் அந்தப் பிரதிகளில் முத்திரை இருக்கும், காலிகோ பைண்டிங் செய்திருப்பார்கள், ஓரம் வெட்டியிருப்பார்கள். படிக்கச் சரி.

ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்குப் போய் லயன்-முத்து அரங்கில் நின்றாலே போதும், பத்துச் சேகரிப்பாளர்கள் அறிமுகமாகிவிடுவார்கள். இரட்டைப் பிரதி வைத்திருப்பவரோடு மாற்றிக்கொள்வது காசு கொடுத்து வாங்குவதைவிடச் சுகம்.

4. கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது

இங்கே நிதானமாக இருங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டாம், தாளைப் பாருங்கள்.

நம் பழைய காமிக்ஸ் பெரும்பாலும் நடுவில் பின் அடித்த இதழ்கள். ஒரு பெரிய தாளை மடித்தால் நான்கு பக்கம் வரும். அதனால் உள்பக்கங்களின் மொத்த எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 62 வந்தால் எங்கோ ஓர் இலை போயிருக்கிறது. முன்பாதியில் ஓர் இலை கிழிந்திருந்தால் பின்பாதியில் அதன் ஜோடி இலை பிடிப்பில்லாமல் தொங்கும். அப்படித் தொங்கும் இலையைக் கண்டால் அதன் மறுபாதி எங்கே என்று தேடுங்கள்.

நடுத்தாள்தான் முதலில் கழன்று விழும். பின்னின் கால்கள் மடங்கி அழுந்துவது அதன்மேல்தான். நம் ஊர் உப்புக்காற்றில் பின் துருப்பிடிக்கும், துரு தாளை அரிக்கும், ஒரு நாள் நடுத்தாள் தானாகக் கையோடு வரும். அட்டை இல்லாத பிரதியைக்கூட வாங்குவேன். நடுத்தாள் இல்லாததை இலவசமாகக் கொடுத்தால்தான் எடுப்பேன். அட்டையின் அழகுக்கு விலை கொடுக்கிற பெரிய சேகரிப்பாளர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

அடுத்து, இது முதல் பதிப்பா மறுபதிப்பா? மாயாவி, ஸ்பைடர் கதைகள் பலமுறை மறுபடியும் அச்சாகியிருக்கின்றன. உள்ளே அச்சான மாதம், ஆண்டு, விலை மூன்றையும் பாருங்கள். ஆண்டு கிழிந்திருந்தால் விளம்பரங்களைப் பாருங்கள், அடுத்த மாத வெளியீட்டு அறிவிப்பே காலத்தைச் சொல்லிவிடும். மறுபதிப்பு மட்டமில்லை, படிக்க அதுதான் வசதி. முதல் பதிப்பு விலையில் அதை வாங்கினால்தான் வயிற்றெரிச்சல்.

கலர் ஜெராக்ஸ் அட்டையும் உலவுகிறது. பூதக்கண்ணாடியில் பழைய ஆஃப்செட் அட்டையின் வண்ணம் வரிசையான புள்ளிகளாகத் தெரியும். ஜெராக்ஸ் அட்டை மடிப்பில் மை செதில் செதிலாக உதிரும்.

கடைசியாக முகர்ந்து பாருங்கள். பழைய தாள் வாசனை வேறு, பூஞ்சை நாற்றம் வேறு. பூஞ்சை என்றால் எத்தனை அரிதான இதழாக இருந்தாலும் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

5. விலை

விலைக்கு அகராதி கிடையாது. ஒரே இதழ் எடைக்கும் கிடைக்கும், ஆயிரங்களிலும் விற்கும். இந்த மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முன்பே ஒதுக்கிவிடுங்கள். நெட்டில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்த்துப் பதறவேண்டாம், கேட்கும் விலையும் விற்ற விலையும் ஒன்றல்ல. பணம் அனுப்பும் முன் நடுப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

6. வீட்டுக்கு வந்தபின்

புதிதாக வந்ததை நேராக அலமாரியில் வைக்கக் கூடாது. ராமபாணப் பூச்சி ஒன்று உள்ளே இருந்தால் போதும், மொத்தமும் போச்சு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே வெளியில் இருக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் தாளில் நீர் கோத்துவிடும். மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைப்பதா என்று வீட்டில் சண்டை வரும். என் அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

பிறகு நிழலில் காற்றாட விட்டு, மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். வெயிலில் காயவைத்தால் தாள் இன்னும் பழுப்பேறி முறுகிவிடும். துருப்பிடித்த பின்னைக் கத்தி முனையால் மெல்ல நிமிர்த்திக் கழற்றிவிட்டு, அதே துளைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடலாம். செல்லோ டேப்பைத் தொடவே தொடாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எதைப் போட்டும் போகாது. பழைய சிறுவன் யாரோ அட்டையில் 'ஆறாம் வகுப்பு ஆ பிரிவு' என்று எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். அந்த எழுத்துக்காகவே நான் சிலவற்றை வைத்திருக்கிறேன்.

7. பாதுகாப்பது

ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பாலிபுரொபிலின் உறை. சட்டை மடித்து விற்பார்களே, அந்தச் சரசரவென்ற கவர்தான். பாரிமுனைப் பக்கம் கேட்டால் மொத்தமாகக் கிடைக்கும். வழவழவென்று மணம் வீசும் பிவிசி உறை வேண்டாம், நாளானால் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். இதழ் வளையாமலிருக்க உள்ளே வைக்கும் அட்டைக்கு ஆண்டர்சன் தெருத் தாள் கடைகளில் 'ஆசிட் ஃப்ரீ' என்று சொல்லிக் கேளுங்கள். சட்டைக்குள் வரும் சாம்பல் நிற அட்டையில் அமிலம் இருக்கும், காமிக்ஸையும் சேர்த்துப் பழுப்பாக்கும்.

பதினைந்து இதழுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் ஆகாது, சூடு தாளை அப்பளமாக்கிவிடும். தரையும் ஆகாது. ஒவ்வொரு டிசம்பரிலும் முழங்கால் தண்ணீர் பார்க்கிற தெருக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இடுப்பு உயரத்துக்கு மேல், வெளிச்சுவரில் படாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்ச இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். அந்துருண்டையைத் தாளோடு போட்டால் அந்த வாசனை உங்கள் ஆயுசுக்கும் போகாது. மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். திறந்தால் படிக்காமல் மூட முடியாது, அதற்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மாயாவி எப்படிப் படகுக்கு வந்தார் என்று சொல்லவில்லையே. ஒன்பது வருஷம் கழித்து, போகிக்கு நான்கு நாள் முன்பு, வியாசர்பாடியில் அதே கதை இன்னொன்று கிடைத்தது. அட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கம் இல்லை, ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. கடை வாசலிலேயே நின்று பிரித்தேன். 31, 32, 33, 34 நான்கும் இருந்தன. கடைக்காரர் எடையில்கூடப் போடவில்லை, "எட்துனு போ தம்பி" என்றார். இப்போது இரண்டும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. படிக்கும்போது 30 வரை ஒன்றில் படித்துவிட்டு மற்றதற்குத் தாவி, திரும்பவும் 35-க்கு முதல் பிரதிக்கு வந்துவிடுவேன்.