முடக்குவாதம் இருந்தாலும் கைவேலையை விடாமல் இருக்க

வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள் நான். எனக்கு முடக்குவாதம், எங்கள் பக்கத்தில் சரவாங்கி என்பார்கள். வயசானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுக்குள் இருக்கும் சவ்வைத் தாக்குகிறது. பெரும்பாலும் விரல், மணிக்கட்டு போன்ற சின்ன மூட்டுகளில், இரண்டு கையிலும் பிடிக்கும்.

காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. விறைப்பு விட ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த நேரத்துக்கு எந்த வேலையும் வைக்காதீர்கள். அகலப் பாத்திரத்தில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு, கையை உள்ளே வைத்தபடி மெதுவாக மடக்கி நீட்டுங்கள். மூட்டு சிவந்து கொதிக்கிற நாளில் மட்டும் எனக்கு வெந்நீர் ஆகாது, துணியில் சுற்றிய ஐஸ்தான். காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது எல்லாம் முந்தின சாயங்காலமே முடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன்.

துணியை முறுக்கிப் பிழியாதீர்கள், சொட்டச் சொட்டக் கொடியில் போடுங்கள். பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுங்கள். வாணலியை இரண்டு கையாலும் தூக்குங்கள். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிராது. கிரைண்டர் கல்லைத் தூக்க முடியாத வாரம் கடை மாவுதான். மாமியார் முகம் கோணும், கோணட்டும்.

தையலில் மிதிப்பதை விட்டு மோட்டார் போட்டேன். கனமான இரும்புக் கத்தரி கட்டைவிரலைக் கொன்றுவிடும். லேசானது, தானே விரியும் ஸ்பிரிங் வைத்தது வாங்குங்கள். ஹெம்மிங், கொக்கி கட்டுவது இரண்டும் ஊசியைக் கிள்ளிப் பிடிக்கிற வேலை. அதைக் கூலிக்குக் கொடுத்துவிடுகிறேன். லாபம் குறையும்தான். வலி வந்தபின் எழுந்தால் தாமதம், ஒரு ஜாக்கெட் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். வேலை முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி தங்கினால் அன்றைக்கு அதிகம் செய்துவிட்டோம் என்று அர்த்தம், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்காக அசையாமல் உட்கார்ந்தால் மூட்டு இன்னும் இறுகும். தீபாவளி ஆர்டரை நான் ஆவணியிலேயே வாங்கி, புரட்டாசி பாதியில் நிறுத்திவிடுவேன். அக்கா, எனக்கு மட்டும் ஒண்ணு என்று வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லத்தான் ரொம்பப் பழக வேண்டியிருந்தது.

மாத்திரை விஷயத்தில் விளையாடக் கூடாது. பலருக்கும் கொடுப்பது மீத்தோட்ரெக்ஸேட். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. எனக்கு ஞாயிறு, காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். அதோடு கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை வேறு நாளில். குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வலி போனதும் நிறுத்தவும் கூடாது. ரத்தத்தில் அணுக்கள், ஈரல், சிறுநீரகம் எல்லாம் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்தாக வேண்டும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், கர்ப்பத்தில் இந்த மாத்திரை கூடாது.

பேர் எழுதாத பொட்டல மருந்தில் இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பல மாதம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். காய்ச்சல் வந்த வாரத்தில் மீத்தோட்ரெக்ஸேட் போடும் முன்னாலும் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.