பட்டன் அழுத்தினால் சர்வருக்குச் செய்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டனை அழுத்துகிறோம். பக்கம் ஒரு கணம் மின்னி மறுபடி திறக்கிறது. பக்கத்தை மாற்றாமலே சர்வரோடு பேசும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான ஃபெட்ச் கேட்டுவந்த பதில் திரையில் தெரிவதே இல்லை. படிவத்துக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் எழுதாவிட்டால் உலாவி அதைச் சப்மிட் பட்டனாகவே எடுத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். டைப்பைப் 'பட்டன்' என்று மாற்றினால் போதும். என்டர் தட்டுபவர்களுக்கும் வேலை செய்ய வேண்டுமென்றால், படிவத்தின் சப்மிட் நிகழ்வைப் பிடித்துப் பிரிவென்ட்-டிஃபால்ட் (உலாவியின் வழக்கமான செயலைத் தடுக்கும் கட்டளை) கொடுப்பதே நல்லது.

இது கண்ணுக்குத் தெரியும் தவறு. தெரியாத ஒன்று என்னை இன்னமும் உறுத்துகிறது. ஓர் அலுவலகத்துக்கு லாராவெலில் (பிஎச்பி மொழிக்கான கட்டமைப்பு) விடுப்பு விண்ணப்பப் பக்கம் எழுதியிருந்தேன். 'பதிவானது' என்று பச்சை எழுத்து வந்ததை நம்பி ஓர் ஊழியர் ஊருக்குப் போய்விட்டார். தரவுத்தளத்தில் விண்ணப்பமே இல்லை. இரண்டு நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். கோரிக்கையைக் கையாளும் சர்வர் நிரலான கண்ட்ரோலர் 500 பிழையைத்தான் (சர்வர் கோளாறு) திருப்பியிருந்தது. 404 (பக்கம் இல்லை), 500 எதையும் ஃபெட்ச் தோல்வியாகக் கொள்ளாது. பதிலே வந்து சேராதபோதுதான் பிழையைக் கையாளும் 'கேட்ச்' பகுதிக்குப் போகும். ஆகவே பதிலின் 'ஓகே' மதிப்பைப் பார்க்காமல் பச்சை எழுத்தைக் காட்டவே கூடாது.

அந்த 'ஓகே' மதிப்பும் சில சமயம் ஏமாற்றும். லாகின் காலாவதியாகியிருந்தால் லாராவெல் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். ஃபெட்ச் சத்தமில்லாமல் பின்தொடர்ந்து அந்தப் பக்கத்தை 200 என்ற வெற்றி எண்ணோடு கொண்டுவந்து தரும். கோரிக்கையின் 'அக்செப்ட்' தலைப்பில் (ஹெடர்) ஜேசன் என்ற தரவு வடிவம் வேண்டும் என்று கேட்டால் நேராக 401 (லாகின் தேவை) வரும்.

419 வந்தால் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேறு தளம் பயனர் பெயரில் போலிக் கோரிக்கை அனுப்பாமல் காக்கும் ரகசியக் குறியீடு) போகவில்லை, அல்லது காலாவதியாகிவிட்டது என்று பொருள். அவசரத்தில் அந்த வழித்தடத்தை (ரூட்) டோக்கன் சோதனையின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்; டோக்கனைத் தலைப்பில் அனுப்புங்கள். அழிக்கும் வேலையை, பக்கத்தைத் திறந்து பார்க்கப் பயன்படும் 'கெட்' முறையில் வைத்தால் இந்தக் காவலே இருக்காது. 2005இல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்ற உலாவல் வேகமூட்டி மென்பொருள் பக்கத்திலிருந்த இணைப்புகளை முன்கூட்டியே திறந்து பார்த்ததில், 'அழி' இணைப்புகளும் இயங்கிப் பலருடைய தரவுகள் காணாமல் போயின.

இரட்டை அழுத்தல் இன்னொன்று. இணைய வேகம் குறைந்தால் யாரும் மறுபடி அழுத்தத்தான் செய்வார்கள். அழுத்திய உடனே பட்டனை முடக்கி, வெற்றியோ பிழையோ எப்படியும் இயங்கும் 'ஃபைனலி' பகுதியில் திறந்துவிடுங்கள்; வெற்றிக் கிளையில் மட்டும் திறந்தால், பிழை வந்தவுடன் பட்டன் செத்துக் கிடக்கும். அதோடு, ஒரே ஊழியருக்கு ஒரே தேதியில் இரண்டு விண்ணப்பம் நுழையாதபடி தரவுத்தளத்திலும் யூனிக் கட்டுப்பாடு போடுங்கள்.