ரெஸ்லிங்கை முதன்முறையாக நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: இருக்கை முதல் ஆரவாரம் வரை

கதையும் முடிவும் முன்பே எழுதி நடத்தப்படும் மல்யுத்தக் காட்சியான ரெஸ்லிங்கைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. ரிங்குக்கு எவ்வளவு அருகில் உட்காருகிறோமோ அவ்வளவு நல்லதாம். காசு இருந்தால் முதல் வரிசை, இல்லாவிட்டால் மூன்றாவது, நான்காவது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கையால் வீணாகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி இருக்கையைப் பற்றியே இருக்கும். டிக்கெட் தளத்தில் கணக்குத் தொடங்குவது, பணம் கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: எந்த நிகழ்ச்சி?

பெரிய நிறுவனங்கள் நடத்துபவற்றில் கேமராவுக்காக நடப்பவை, அரங்கில் இருப்பவர்களுக்காக மட்டும் நடப்பவை என்று இரண்டு வகை உண்டு. அமெரிக்க நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ நடத்தும் 'ரா', 'ஸ்மாக்டவுன்', அதன் போட்டி நிறுவனமான ஏஇடபிள்யூ நடத்தும் 'டைனமைட்' ஆகிய வாராந்திர நிகழ்ச்சிகள் எல்லாம் முதல் வகை. கதை நகர்வது இங்கேதான். வாணவேடிக்கையும் பிரம்மாண்டத் திரையும் இங்கேதான். கூடவே, ரிங் காலியாகக் கிடக்க, பின்னறையில் இருவர் முறைத்துக்கொள்வதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமும் நிறைய உண்டு. இரண்டாவது வகைக்கு ஹவுஸ் ஷோ என்று பெயர். சாம்பியன் பட்டம் கைமாறுவது அபூர்வம், அலங்காரம் குறைவு. ஆனால் நேரக் கெடுபிடி இல்லாததால் வீரர்கள் ரசிகர்களோடு வம்பளப்பார்கள், கூட்டத்தைக் கேட்டுக் கேட்டு ஒரே அடியை மூன்று முறை கொடுப்பார்கள். முதன்முறை என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

டபிள்யூடபிள்யூஇயின் மிகப் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவை முதல் அனுபவமாக வைத்துக்கொள்ள வேண்டாம். 1985-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க நிகழ்ச்சியாகத் தொடங்கியது, இப்போது பெரும்பாலும் பெரிய மைதானங்களில் நடக்கிறது. 2020 முதல் இரண்டு இரவுகள் வேறு. மேல் அடுக்கில் உட்கார்ந்தால் வீரர்கள் கட்டைவிரல் அளவில்தான் தெரிவார்கள். அவ்வளவு தூரம் போய் திரையைத்தான் பார்ப்பீர்கள்.

சிறிய நிறுவனங்கள் சின்னச் சின்ன மண்டபங்களில் நடத்தும் நிகழ்ச்சிகள் அருகில் இருந்தால், மறுபேச்சில்லாமல் போங்கள். இருக்கையைப் பற்றிக் கீழே சொல்லப்போகும் எந்தக் கவலையும் அங்கே இல்லை.

படி 2: இருக்கை

டபிள்யூடபிள்யூஇ ரிங் ஒரு பக்கம் இருபது அடி நீளமுள்ள சதுரம். பல நிறுவனங்களில் பதினெட்டு அடி. ரிங்கின் தளம் தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் இருக்கும். கணக்கு இங்கேதான் இடிக்கிறது. அரங்கின் தரையில் போடும் நாற்காலிகள் எல்லாம் ஒரே மட்டம். பின்வரிசைக்கு உயரம் கூடாது. நுழைவு இசை ஒலித்த மாத்திரத்தில் முன்னால் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், கைப்பேசியை உயர்த்துவார்கள், வாசகம் எழுதிய அட்டையைத் தூக்குவார்கள். ஐந்தாவது வரிசைக்காரருக்குத் தெரிவது முதுகுகளும் கைப்பேசித் திரைகளும்தான். சண்டை ரிங்குக்கு வெளியே இறங்கிவிட்டால் மூன்றாவது வரிசைக்குக்கூட ஒன்றும் தெரியாது. மூலைக்கு நேராக உட்கார்ந்தால் கம்பமும் சேர்ந்து மறைக்கும்.

முதல் வரிசை கிடைத்தால் வாங்குங்கள், அது தனி அனுபவம். கிடைக்காவிட்டால் தரையை மறந்துவிட்டு, அதைச் சுற்றிப் படிப்படியாக உயரும் கீழ் அடுக்கில் எட்டாவது வரிசையிலிருந்து பதினைந்தாவது வரிசைக்குள் பாருங்கள். எல்லாரும் எழுந்தாலும் ரிங்கின் தளம் முழுதாகத் தெரியும். விலையும் தரையைவிடப் பெரும்பாலும் குறைவு.

அடுத்தது, எந்தப் பக்கம் என்பது. தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ரிங்கின் ஒரு பக்கத்தில், பார்வையாளர்களுக்கு நடுவே மேடைகட்டிப் பிரதான கேமராவை நிறுத்தியிருப்பார்கள். இதை ஹார்ட் கேமரா என்கிறார்கள். வீரர்கள் முகம் காட்டுவது, பட்டத்தை உயர்த்துவது, வலியில் முகத்தைச் சுளிப்பது எல்லாம் இந்தப் பக்கம் பார்த்துத்தான். நீங்கள் வீட்டில் பார்க்கும்போது ரிங்குக்குப் பின்னால் தெரியும் கூட்டம் எதிர்ப்பக்கம் இருப்பவர்கள். தொலைக்காட்சியில் உங்கள் முகம் வரவேண்டும் என்றால் எதிர்ப்பக்கம் வாங்குங்கள். வீரர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றால் கேமரா பக்கம். எனக்கு இரண்டாவதுதான். மூன்று மணி நேரம் முதுகைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு நொடி நம் முகத்தைத் தேடுவதில் என்ன இருக்கிறது?

கேமரா எந்தப் பக்கம் என்று டிக்கெட் வரைபடத்தில் போடமாட்டார்கள். அதே அரங்கில் முன்பு நடந்த நிகழ்ச்சியின் காணொளியைத் தேடி, பின்னணியில் தெரியும் பகுதி எண்களையோ வாசலையோ வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் ஒரு பக்கத்தின் நடுப்பகுதி மட்டும் விற்பனைக்கு வராமல் இருந்தால் அதுவும் ஒரு துப்பு. கேமராவுக்கென ஒதுக்கி வைத்த இடம் அது. மேடை அமைப்பு உறுதியான பிறகு, தேவைப்படாத இருக்கைகளை நிகழ்ச்சிக்குச் சில நாட்களுக்கு முன் விற்பனைக்கு விடுவதும் உண்டு. விற்றுத் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தாலும் கடைசி வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

நுழைவு மேடைக்குப் பக்கவாட்டில் கிடைக்கும் மலிவான இருக்கைகளில் பெரிய திரை தெரியாது. பார்வைத் தடை என்று எழுதியிருந்தால் நம்புங்கள்.

படி 3: புறப்படும் முன்

கைப்பேசி டிக்கெட்டை வீட்டிலேயே கைப்பேசியின் வாலட் செயலியில் சேர்த்துவிடுங்கள். பல டிக்கெட்டுகளில் பட்டைக்குறி சில நொடிகளுக்கு ஒருமுறை மாறுவதால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் வாசலில் செல்லாது. பல அரங்குகள் ஒளிபுகும் பையைத்தான் அனுமதிக்கின்றன. அரங்கின் இணையதளத்தில் பை விதியைப் படித்துவிடுங்கள்.

அட்டை கொண்டுபோகிறவர்கள்: குச்சி கூடாது, ஆபாசம் கூடாது. தடித்த கறுப்பு மார்க்கர், வெள்ளை அட்டை, அதிகபட்சம் நான்கு சொற்கள். மினுமினுப்புத் தாள், வண்ணக்கலவை எல்லாம் அரங்க வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. நுழைவின்போது தூக்குங்கள், ஆட்டம் தொடங்கியதும் கீழே வையுங்கள். பின்னால் இருப்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.

படி 4: உள்ளே

அறிவித்த நேரத்துக்கு முன்பே இருக்கையில் இருங்கள். ஒளிபரப்புக்கு முன் சில ஆட்டங்கள் நடப்பது வழக்கம். நாளைய நட்சத்திரங்கள் அதில்தான் தெரிவார்கள். ஒளிபரப்பு முடிந்த பிறகும் சில இரவுகளில் ஓர் ஆட்டமோ நன்றிப் பேச்சோ இருக்கும். வாகன நெரிசலுக்குப் பயந்து ஓடாதீர்கள்.

முதலில் உறைப்பது வர்ணனை இல்லாததுதான். யார் யாரோடு பகை, இந்தப் பிடியின் பெயர் என்ன என்று காதில் சொல்ல ஆளில்லை. போகும் முன் கடைசி இரண்டு வார நிகழ்ச்சிகளின் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனால் போதும். வர்ணனைக்குப் பதிலாகக் கிடைப்பது ஒலி. எஃகுச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, மெல்லிய ஃபோம், கேன்வாஸ்: இவ்வளவுதான் ரிங். நூறு கிலோ மனிதர் முதுகடித்து விழும்போது எழும் சத்தத்தைக் கேட்டபின், 'எல்லாம் பொய்' என்று சொல்லும் உறவினருக்குப் பதில் சொல்லவே தோன்றாது. முடிவு முன்பே எழுதப்பட்டதுதான், விழுவது மட்டும் நிஜமான பலகையில்.

விளம்பர இடைவேளையில் ஆட்டம் திடீரென்று மந்தமாகும், ஒருவர் மற்றவரின் தலையை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருப்பார். அப்போது நடுவரைக் கவனியுங்கள். காதில் கருவி இருக்கும், நேரச் செய்தி அவர் வழியாகத்தான் வீரர்களுக்குப் போகிறது. அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோல் வைத்தால், பெரும்பாலும் யாருக்கோ உண்மையிலேயே காயம் என்று பொருள். அந்த நேரத்தில் கூச்சல் போடாமல் இருப்பது மரியாதை.

தடுப்பைத் தாண்டக் கூடாது என்று சொல்லவும் வேண்டுமா? வேண்டும். 2021 நவம்பரில் புரூக்ளினில் நடந்த ரா நிகழ்ச்சியில் வீரர் சேத் ராலின்ஸ் மீது ரசிகர் ஒருவர் பாய்ந்து கைதானார். வீரர் கை நீட்டினால் தட்டுங்கள், நீங்களாக இழுக்காதீர்கள்.

படி 5: கத்துவது

வில்லனுக்கு ஏச்சு, நாயகனுக்கு ஆரவாரம் என்பது அடிப்படை. மார்பில் பளாரென்று அறை விழுந்தால் கூட்டம் 'ஊ' என்று இழுப்பது அப்படிக் கத்துவதைத் தன் முத்திரையாக்கிய பழம்பெரும் வீரர் ரிக் ஃபிளேருக்குச் செய்யும் மரியாதை. இரு கைகளையும் உயர்த்தி 'யெஸ்' என்று முழங்குவது வீரர் டேனியல் பிரையனுடையது. 2012 ரெஸ்ல்மேனியாவில் அவரைப் பதினெட்டு நொடிகளில் தோற்கடித்ததைப் பொறுக்காத ரசிகர்கள் மறுநாள் இரவு முழுவதும் அதைக் கத்தி, ஒரு வீரரின் பாதையையே திருப்பினார்கள். ரசிகர்களின் குரலுக்கு இவ்வளவு வலிமை உள்ள கேளிக்கை வேறு அதிகம் இல்லை.

பேச்சின் நடுவே வாக்கியத்துக்கு வாக்கியம் 'வாட்?' என்று குறுக்கிடும் பழக்கம் 2001-இல் நட்சத்திர வீரர் ஸ்டீவ் ஆஸ்டின் தொடங்கி வைத்தது. அவர் செய்தபோது வேடிக்கையாக இருந்தது. இப்போது மைக்கைக் கையில் வைத்துத் திணறும் இளம் வீரரைக் கொல்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

ஜப்பானிய ரெஸ்லிங் பார்க்கப் போனால் அமைதி கண்டு மிரளாதீர்கள். தொடக்கத்தில் கவனித்துப் பார்த்து, கைதட்டி, கடைசியில்தான் பொங்குவார்கள். நியூ ஜப்பான் நிறுவனத்தில், ரிங்குக்கு வெளியே போன வீரர் திரும்பி வர, நடுவர் இருபது எண்ணும்வரை நேரம் உண்டு. மெக்சிகோவில் 1933 முதல் நடந்துவரும் சிஎம்எல்எல் போன்ற நிறுவனங்களில் நேர்மாறு, முதல் ஆட்டத்திலிருந்தே சத்தம்தான். அங்கே ரூடோ எனப்படும் வில்லன்களுக்கென்றே விசுவாசமான ரசிகர்கள் உண்டு. எதிராளியின் முகமூடியை ஆட்டத்தில் கழற்றினால் தகுதிநீக்கம்.

பின்சேர்க்கை

குழந்தைகளை அழைத்துப் போவது பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். சண்டையைவிட வாணவேடிக்கைச் சத்தம்தான் சிக்கல். காதை மூடும் ஹெட்போன் வாங்குங்கள், பஞ்சு போதாது.

இன்னொரு வாசகர், தனக்குப் பிடித்த வீரரின் படத்தை விளம்பரத்தில் பார்த்து டிக்கெட் வாங்கி, அவர் வராமல் போனதை எழுதியிருந்தார். விளம்பரத்தின் அடியில் மாற்றத்துக்கு உட்பட்டது என்று சின்ன எழுத்தில் இருக்கும். காயம், பயணத் தாமதம், கதை மாற்றம் எதுவும் காரணமாகலாம். ஒரே ஒருவருக்காக மட்டும் டிக்கெட் வாங்காதீர்கள்.

டி-ஷர்ட்டை நிகழ்ச்சி தொடங்கும் முன்பே வாங்குங்கள். இடைவேளையில் வரிசை நீளும், நடுத்தர அளவுகள் தீர்ந்துவிடும். சிறிய மண்டபங்களில் வீரரே மேசை போட்டு விற்பார். அந்தப் பணம் பெரும்பாலும் நேராக அவர் பைக்கே போகும் என்பதால் அங்கே பேரம் பேச வேண்டாம். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.