"இளைச்சு அழகாயிட்டே" என்று சொல்வதற்கு முன்

போன வருஷம் தீபாவளி முடிந்து சில நாளில் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் ஒரு கல்யாணம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை மகளின் இலையை எதேச்சையாகத்தான் பார்த்தேன். சோற்றில் பருப்பைப் பிசைந்தாள், பிசைந்ததை ஓரத்துக்குத் தள்ளினாள், அப்பளத்தை நொறுக்கி அதன்மேல் தூவினாள், வாய்க்கு ஒன்றும் போகவில்லை, எல்லோருக்கும் முன்னால் இலையை மடித்துவிட்டுக் கைகழுவ எழுந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு ஆண்ட்டி வந்து, "இளைச்சு எவ்வளவு அழகாயிட்டே, எங்களுக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லேன்" என்றார். சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

முதல் தவறு அந்தச் சிரிப்பு. சாப்பிட மறுக்கும் நோய்க்கு இந்த மாதிரிப் பாராட்டுதான் தீனி. அவள் போனில் பார்க்கும் ஒல்லி உடம்புகளைக் குறை சொல்கிறோம், சரி, ஆனால் அவற்றைப் பார்த்து அவள் பட்டினி கிடந்ததற்குப் பரிசு கொடுத்தது நம் வீட்டுக் கல்யாணம்தானே.

அடுத்தது விரதம். இங்கே புரட்டாசி முழுக்கக் கறி மீன் தொடாத வீடுகள் நிறைய, காவடிக்கும் விரதம் உண்டு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விரதத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது, முடிகிற அன்று அடுப்படியே கலகலவென்று இருக்கும். எங்கள் பெண்ணுக்குப் புரட்டாசி போய் ஐப்பசி வந்தும் முடியவில்லை. கறியை விட்டவள் சோற்றையும் விட்டாள், கேட்டால் "சாமிக்கு" என்றாள், நாங்களும் பக்தி என்று பெருமைப்பட்டோம். விட்டுவிடு என்றால் பயமும் கோபமும் வருகிற விரதம் சாமிக்கானது இல்லை என்று அப்போது தோன்றவே இல்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்களுக்கு வருவது" என்ற பேச்சு டர்பனில் இன்னும் இருக்கிறது. காரணம் புரிகிறது. 1983-ல் இந்த நோயால் இதயம் நின்றுபோய் 32 வயதில் இறந்த பாடகி கேரன் கார்பென்டர், 1995-ல் டிவி பேட்டியில் தன் புலிமியாவைப் பற்றி, அதாவது அள்ளித் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் நோயைப் பற்றிப் பேசிய இளவரசி டயானா என்று ஊடகம் காட்டிய முகங்கள் அப்படி. ஆனால் 1990-களிலேயே இந்த நாட்டு மருத்துவர்கள் கறுப்பின நோயாளிகளைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஃபிஜியைப் பாருங்கள், சதைப்பிடிப்பான உடம்பையே அழகு என்று கொண்டாடிய ஊர் அது. அங்கே நட்ரோகா பகுதிக்கு டிவி வந்தது 1995-ல். எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்ன பள்ளி மாணவிகள் அந்த வருஷம் ஒருவரும் இல்லை, 1998-ல் 11.3 சதவீதம். டிவி மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, பரம்பரைக்கும் மனநிலைக்கும் பங்கு உண்டு. ஆனால் நம் இனத்துக்கு வராது என்ற சமாதானம் இனி எடுபடாது.

எலும்பு தெரிந்தால்தான் நோய் என்று நினைப்பதும் தப்பு. புலிமியா உள்ள பலர் சராசரி எடையில்தான் இருப்பார்கள். கட்டுப்பாடே இல்லாமல் அள்ளி அள்ளித் தின்றுவிட்டு அவமானத்தில் புழுங்குவதும் 2013-லிருந்து அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோய்தான். அப்படித் தின்பவரை நம் சினிமா காமெடியன் ஆக்கி, நாற்காலி உடைய வைத்துச் சிரிக்கும். பையன்களையும் மறக்காதீர்கள், உடம்பு ஏறவில்லை என்று ஜிம்மே கதியாகக் கிடப்பதிலும் இதே நோய் ஒளிந்திருக்கலாம்.

"திமிர், ரெண்டு போட்டால் சாப்பிடுவாள்" என்பார்கள். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிச்சலும் சோர்வுமாக மாறிப்போனார்கள். பட்டினியே புத்தியைத் திருப்பிவிடுகிறது, அந்த நிலையில் இருப்பவளிடம் அறிவுரை எங்கே ஏறும்?

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எத்தனை கிலோ இறங்கினாள், ஒரு நாளைக்கு என்ன மட்டும் தின்றாள் என்று எண்ணிக்கையோடு எழுதாதீர்கள். உங்களுக்கு அது பரிதாபம், நோயில் இருக்கும் வாசகிக்கு அது இலக்கு. அந்த 'முன்பு, பின்பு' படங்களும் அப்படித்தான். பிரான்சில் 2017-லிருந்து, மாடலின் உடம்பைத் திருத்திய விளம்பரப் படங்களில் 'திருத்தப்பட்ட படம்' என்று போட வேண்டும். நல்ல எண்ணம்தான், ஆனால் இந்த மாதிரி லேபிள்களால் பெரிய பலன் இல்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. படம் மனதில் ஒட்டிக்கொண்ட பிறகு லேபிளை யார் படிக்கிறார்கள்.

நாங்கள் செய்த கடைசித் தவறு, சாப்பாட்டு மேசையிலேயே பேச்சை எடுத்தது. அழுகையில் முடிந்தது. அப்புறம் ஒரு நாள் காரில் போகும்போது, எடையைப் பற்றி வாயே திறக்காமல், "ராத்திரி தூக்கம் வருதா?" என்று என் தங்கை கேட்டாள். பதில் வந்தது. டாக்டர் இரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தார், இதயத்துக்கு ஈசிஜி எடுத்தார், பிறகு மனநல நிபுணரிடம் அனுப்பினார். மாதக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு வாரம் நன்றாக இருப்பாள், மறுவாரம் திரும்பவும் பழையபடி.

இலையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்றார் அந்த நிபுணர். போன மாதம் கோயில் அன்னதானத்தில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இலைப் பக்கம் கண் போகாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.