டெல்டா பக்கம் இருந்துக்கிட்டே பிஎம்எஸ் படிக்கிறது எப்படி?

ஐடிஐ, டிப்ளமோ முடிச்சுட்டு மன்னார்குடி, திருவாரூர் பக்கம் வேலை தேடுற தம்பிங்களுக்கு. பிஎம்எஸ்னா பில்டிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம், பெரிய கட்டடத்துல ஏசி, ஃபயர் அலாரம், கேமரா, கரண்டு எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து கவனிக்கிறது. இத வெறும் சாஃப்ட்வேர்னு நினைச்சு நேரா ஸ்க்ரீன்ல உக்காராதீங்க, முதல்ல வயரப் புடிங்க. பிடி100ங்கிற வெப்பநிலை சென்சார் ஒண்ண மல்டிமீட்டர்ல மாட்டி ஐஸ் தண்ணில விட்டா 100 ஓம் காட்டும், கைக்குள்ள பொத்திப் புடிச்சா 112, 113னு ஏறும், அந்த ஓம்தான் ஸ்க்ரீன்ல டிகிரியா வருது. அப்புறம் கருவிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற மொழிங்க, முதல்ல மோட்பஸ், அதுக்கப்புறம் பேக்நெட்.

ஃபயர மட்டும் மேலோட்டமா படிக்காதீங்கப்பா. 2004 ஜூலை 16, கும்பகோணத்துல 94 புள்ளைங்க போனத நம்ம ஊர்ல யாரும் மறக்கல. நேஷனல் பில்டிங் கோட் 2016ல நாலாவது பகுதி முழுக்க இதுதான், பொறுமையா படிங்க. பிஎம்எஸ் படுத்துட்டாலும் ஃபயர் பேனல் தனியா வேலை செய்யணும், அலாரம் வந்தா ஏசி காத்த ஊதுற ஏஹெச்யூ மெஷின் நிக்கணும், வெளியேற வேண்டிய வழியில இருக்கிற ஆக்சஸ் கன்ட்ரோல் கதவு (கார்டு, கைரேகை வச்சுத் திறக்கிறது) தானா திறந்துக்கணும். எது நடந்தா எது நடக்கணும்னு கட்டம் போட்டு எழுதுறதுதான் காஸ் அண்ட் எஃபெக்ட் சார்ட், தெரிஞ்ச கல்யாண மண்டபம் ஒண்ண எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க.

சிசிடிவி சீக்கிரம் கைக்கு வந்துரும். எனர்ஜில, மோட்டார் வேகத்தக் கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி முக்கியம், ஃபேன் வேகத்த 80 சதவீதமா குறைச்சா கரண்டு ஏறக்குறைய பாதிதான் இழுக்கும், இன்டர்வியூல இதக் கண்டிப்பா கேப்பாங்க.