மலைமக்கள் வேடத்துக்கு நடிகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீலகிரியில் குறும்படம் எடுக்கவோ நாடகம் போடவோ நினைப்பவர்கள், அரிதாரப் பெட்டியைத் திறப்பதற்கு முன் 1984இல் வெளிவந்த 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். அதன் ரயில் காட்சிகளில் சில நம் மலை ரயிலில் எடுக்கப்பட்டவை. டாக்டர் அசீஸாக விக்டர் பானர்ஜி நடித்த அதே படத்தில், பேராசிரியர் கோட்போலே என்ற இந்தியரின் வேடத்தை ஆங்கிலேயரான அலெக் கின்னஸ் மாநிறப் பூச்சுடன் ஏற்றார். அதற்கும் முன்பு, 1937இல் வந்த 'தி குட் எர்த்' படத்தில் சீன விவசாயியின் மனைவியாக நடித்து ஆஸ்கர் பெற்றவர் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர். அந்த வேடத்தை விரும்பிய சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்கு அது கிடைக்கவில்லை. மேலைநாட்டுத் திரையுலகம் ஆசியர்களுக்குச் செய்ததைத்தான் நீலகிரிப் பழங்குடிகளான தோடர், கோத்தர், இருளர், குறும்பர் வேடங்களில் நாமும் செய்துவருகிறோம் என்பதை மனம் நொந்தே எழுதுகிறேன்.

முதலில் பாத்திரத்தைத் தெளிவாக எழுதுங்கள். 'பழங்குடிப் பெண்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால் தேர்வு அங்கேயே தவறிவிடும். அவள் மந்து எனப்படும் தோடர் ஊரில் பிறந்தவளா, கோக்கால் எனப்படும் கோத்தர் ஊரில் வளர்ந்தவளா, கூடலூர்ப் பக்கத்துப் பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்தவளா என்பதை முடிவு செய்யுங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பத்துப் பெண் என்றால், அவள் பேசும் தமிழே வேறு.

அடுத்தது ஆள் தேடுவது. கோவையில் தேர்வு வைத்தால், ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்கி வர எவராலும் இயலாது. ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே அவர்கள் ஊருக்குப் போங்கள். வசனத்தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். 'இருட்டிவிட்டது, எருமை இன்னும் வீடு திரும்பவில்லை' என்று சூழ்நிலையை மட்டும் சொல்லி, முதலில் அவரவர் மொழியில் பேசவிடுங்கள். பிறகு அதையே தமிழில் கேளுங்கள். தமிழில் தயங்குபவர் தம் மொழியில் எப்படிக் குரல் உயர்த்துகிறார், எங்கே மௌனமாகிறார் என்பதில்தான் நடிப்புத் திறன் தெரியும். அந்த மொழி அறிந்த ஒருவர் உங்களுடன் இருப்பது அவசியம்.

தோலுக்குக் கருமை பூசும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். கோத்தகிரிப் பக்கம் நான் பார்த்த ஒரு நாடகத்தில், இருளராக நடித்தவரின் காதுக்குப் பின்னால் பூச்சு முடிந்த கோடு பளிச்சென்று தெரிந்தது. முன்வரிசையில் இருந்த இருளர் சிறுமி ஒருத்தி, தன் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உடையிலும் இதே கவனம் வேண்டும். தோடரின் பூத்தையல் போர்வையான பூத்துக்குளியைக் கடையில் வாங்கி யார் மீதும் போர்த்திவிடாமல், எப்போது, எப்படி அணிவது என்று அவர்களிடமே கேளுங்கள். ஊதியத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே பேசி எழுத்தில் கொடுங்கள்.

தேர்வில் நன்றாக நடித்தும் அந்த வேடத்துக்குப் பொருந்தாமல் போனவர்களின் பெயர்களைக் குறித்து வையுங்கள். அடுத்த படத்தில் செவிலியர், வழக்கறிஞர், பேருந்து நடத்துநர் வேடங்கள் வரும்போது அவர்களை முதலில் அழையுங்கள்.